உருளைக்கிழங்கு வேகும் நேரம்

ஒரு படத்தைக் கவிழ்க்க நம் ஊரில் ஒரே ஒரு சொல் போதும்: லேக். கதை அரதப் பழசு என்றால்கூட மன்னித்துவிடுவார்கள். ‘செகண்ட் ஹாஃப் செம லேக்’ என்று முதல் காட்சி பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் மைக்கில் சொல்லிவிட்டால் தீர்ந்தது. இரண்டே நாளில் பதினைந்து நிமிடத்தை ட்ரிம் பண்ணிவிட்டோம் என்று படக்குழு அறிவிக்கும். நான் இங்கே எழுதப்போவது திட்டம் போட்டு லேக் அடிக்கிற படங்களைப் பற்றி. பதினைந்து வருடமாக இவற்றைப் பார்த்து வருகிறேன். பலவற்றில் தூங்கியிருக்கிறேன். சிலவற்றைப் பாதியில் அணைத்திருக்கிறேன். மூன்று நான்கு படங்கள் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இவற்றுக்கு ‘ஸ்லோ சினிமா’ என்று பெயர். மிஷெல் சிமோன் என்ற பிரெஞ்சு விமர்சகர் 2003இல் ஓர் உரையில் இந்த மாதிரிப் படங்களை ஒரே கூரைக்குக் கீழே வைத்துப் பேசினார். அடுத்த சில வருடங்களில் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் அதற்கு வெகு முன்பே ‘அவார்டு படம்’ என்று ஒரு பெயர் வைத்துவிட்டோம். அதில் கொஞ்சம் மரியாதையும் நிறையப் பயமும் கலந்திருக்கும்.

மெதுவாக என்றால் என்ன? நடிகர்கள் மெதுவாக நடப்பதா? ஸ்லோ மோஷனா? ஸ்லோ மோஷன் நம் கமர்ஷியல் படங்களில்தான் அதிகம். ஹீரோ காரிலிருந்து இறங்கவே அரை நிமிடம் ஆகும். ஆனால் அதை யாரும் ஸ்லோ என்று சொல்வதில்லை. விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு பெண் குடத்தோடு தெருக்குழாய்க்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடத்தை வைக்கிறாள், குழாயைத் திறக்கிறாள், தண்ணீர் விழுகிறது. வழக்கமான படம் இங்கே கட் சொல்லிவிடும். அடுத்த ஷாட்டில் நிரம்பிய குடம் இடுப்பில் இருக்கும். ‘தண்ணீர் பிடித்தாள்’ என்ற செய்தி நமக்கு வந்து சேர்ந்துவிட்டது, நாலு விநாடியில் வேலை முடிந்தது. மெதுவான படமோ குடம் நிரம்பும் வரை அங்கேயே நிற்கும். முதல் பத்து விநாடி நமக்கு எந்தச் சிக்கலும் இல்லை. அடுத்த பத்து விநாடியில் ‘சரி, புரிஞ்சுது, மேல போ’ என்று தோன்றும். அரை நிமிடத்தில் எரிச்சல் வரும். எரிச்சலுக்குப் பிறகு, வேறு வழியில்லாமல், பார்க்க ஆரம்பிப்போம். அவள் குதிகால் வெடிப்பு தெரியும். குடத்தின் நெளிசல் தெரியும். குடம் நிரம்ப நிரம்பத் தண்ணீர் விழும் சத்தம் மாறிக்கொண்டே வருவது காதில் விழும்; கழுத்து வரை வந்துவிட்டது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். இப்போது குடம் நிரம்பி வழிகிறது, அவள் குழாயை மூடவில்லை. சும்மா நிற்கிறாள். ஒரு வசனம் இல்லை, வயலின் இல்லை. ஆனால் அவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

செய்தி முடிந்த பிறகும் ஷாட் நிற்கிற அந்த நேரத்தை நான் மிச்ச நேரம் என்று சொல்லிக்கொள்வேன். கலைச்சொல் எதுவும் கிடையாது, என் வசதிக்கு வைத்துக்கொண்ட பெயர். மற்ற படங்கள் அந்த மிச்சத்தை எடிட்டிங் அறைத் தரையில் போட்டுவிடுகின்றன. இந்தப் படங்கள் அதை வைத்துத்தான் கட்டப்படுகின்றன.

இது நேற்று வந்த சமாசாரமும் இல்லை. 1952இல் இத்தாலியில் விட்டோரியோ டி சிக்கா எடுத்த ‘உம்பெர்ட்டோ டி’ படத்தில் வீட்டு வேலைக்காரப் பெண் காலையில் எழுந்து சமையலறைக்குள் வருகிறாள். தீக்குச்சியைச் சுவரில் உரசி அடுப்பைப் பற்றவைக்கிறாள், சுவரில் ஊரும் எறும்புகளைத் தண்ணீர் விட்டு விரட்டுகிறாள், காபிக்கொட்டை அரைக்கிறாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே காலை நீட்டி விரல் நுனியால் கதவைச் சாத்தப் பார்க்கிறாள். அவள் கல்யாணமாகாமல் கர்ப்பமாக இருப்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். கதை இந்தக் காட்சியில் ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. ஆந்த்ரே பாஸன் என்ற விமர்சகர் இந்த ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதினார். பின்னால் வந்தவர்களுக்கு வாசல் திறந்தது இந்தச் சமையலறையில்தான் என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

அடுத்த சமையலறை பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் இருக்கிறது. ஷான்டால் ஆக்கர்மான் 1975இல், தன் 25ஆவது வயதில் எடுத்த படம். அதன் பெயரே ஒரு தபால் முகவரி: ‘ழான் தீல்மான், 23, கே து கொமெர்ஸ், 1080 பிரஸ்ஸல்ஸ்’. நீளம் 3 மணி 21 நிமிடம். கணவனை இழந்த ழான் தன் பள்ளிக்கூடப் பையனோடு ஒரு சின்ன ஃபிளாட்டில் இருக்கிறாள். அவளுடைய மூன்று நாள்தான் படம். பாத்திரம் துலக்குவது, படுக்கையை மடிப்பது, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது, கடைக்குப் போவது எல்லாம் கிட்டத்தட்ட முழுசாகக் காட்டப்படும். கேமரா ஓர் இடத்தில் வைத்தது வைத்தபடி இருக்கும்; அவள் முகத்துக்குப் பக்கத்தில் போகவே போகாது. பாத்திரம் துலக்கும்போது அவள் முதுகு மட்டும்தான் நமக்கு.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது வீட்டில், டிவியில் லேப்டாப்பைச் செருகி. அம்மா சோபாவில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தார். ழான் உருளைக்கிழங்கை அடுப்பில் வைக்கிறாள். காலிங் பெல் அடிக்கிறது. ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் போய்க் கதவைத் திறக்கிறாள். ஓர் ஆள் உள்ளே வருகிறான். இரண்டு பேரும் நடைவழியில் போய் ஓர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

“யாருடா அவரு?”

“தெரிஞ்சவர்மா.”

கட் ஆகிறது. அதே நடைவழி, வெளிச்சம் மட்டும் குறைந்திருக்கிறது. கதவு திறக்கிறது, அந்த ஆள் பணம் கொடுத்துவிட்டுப் போகிறான். ழான் அதை வாங்கிச் சாப்பாட்டு மேசைமேல் இருக்கும் பீங்கான் சூப் பாத்திரத்துக்குள் போட்டு மூடுகிறாள். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அடுப்ப யாரு பாத்துக்கறா?” என்றார் அம்மா.

அம்மா கேட்ட கேள்வியில்தான் படத்தின் கட்டுமானம் முழுசும் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. முதல் நாள் எல்லாம் சரியாக நடக்கிறது. வந்தவன் போகவும் கிழங்கு வேகவும் சரியாக இருக்கிறது. அவள் தண்ணீரை வடிக்கிறாள், குளிக்கிறாள், தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிறாள், பையன் வருகிறான், சூப் வைக்கிறாள். ஓர் அறையை விட்டு வெளியே வரும்போது விளக்கை அணைக்காமல் வருவதே இல்லை. இரண்டாம் நாள் மதியம் வேறு ஓர் ஆள் வருகிறான். கதவு சாத்துகிறது, நடைவழி இருட்டுகிறது. ழான் வெளியே வரும்போது தலைமுடி கொஞ்சம் கலைந்திருக்கிறது.

“கெழங்கு கொழஞ்சிருக்கும்,” என்றார் அம்மா, பீன்ஸைப் பார்த்தபடி.

குழைந்துதான் போயிருந்தது. ழான் அந்தப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் குளியலறைக்கும் இடையில் அலைகிறாள். எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. பேய்ப் படத்தில்கூட எனக்கு அப்படி வயிறு கலங்கியதில்லை. ஒரு பாத்திரம் கிழங்கு குழைந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேலாக அவள் ஒரு சின்னத் தவறும் செய்யாமல் இருந்ததைப் பார்த்துப் பழகிவிட்டதால், அந்தக் கிழங்கு கொலைக்குச் சமமான சம்பவமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழல்கிறது. பணம் போட்ட பாத்திரத்தை மூட மறக்கிறாள். உடுப்பில் ஒரு பட்டன் போடாமல் விடுபடுகிறது. கையிலிருந்து ஷூ பிரஷ் நழுவுகிறது. காபி சரியாக வரவில்லை, மறுபடியும் போடுகிறாள். மூன்றாம் நாள் மதியம் ஒன்று நடக்கிறது. அதைச் சொல்ல மாட்டேன்.

யோசித்துப் பாருங்கள். பட்டன் விடுபட்டதை வழக்கமான படத்தில் எப்படிக் காட்டுவார்கள்? பட்டனுக்கு ஒரு க்ளோசப், ஒரு பின்னணி இசைத் துணுக்கு. இங்கே நீங்களே கண்டுபிடித்தால்தான் உண்டு. கண்டுபிடிக்கும் அளவுக்கு உங்கள் கண்ணைப் பழக்கத்தான் அந்த முதல் நாள் முழுவதும் செலவாகிறது. தன் அம்மாவும் சித்திமாரும் வீட்டில் செய்ய, தான் பார்த்த அசைவுகளிலிருந்துதான் இந்தப் படத்தை எழுதியதாக ஆக்கர்மான் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருடைய அம்மா ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர்.

‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் பத்திரிகை 1952இலிருந்து பத்து வருடத்துக்கு ஒரு முறை உலக விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தும். ‘சிட்டிசன் கேன்’ வெகுகாலம் உட்கார்ந்திருந்த முதலிடத்துக்கு 2022இல் இந்தப் படம் வந்தது. ஒரு பெண் இயக்கிய படம் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. உருளைக்கிழங்கு உரிக்கிற படமா உலகின் தலைசிறந்த படம் என்று இணையத்தில் நிறையச் சிரிப்பு. முதலிடம் இரண்டாமிடம் என்று படங்களை வரிசையில் நிறுத்துவதே அசட்டுத்தனம் என்பது என் கட்சி. ஆனால் சிரித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் நாள் மதியம் வரை பார்த்தார்கள் என்று கேட்க ஆசை.

உருளைக்கிழங்கை வைத்து இன்னொரு படமும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹங்கேரிக்காரர் பேலா டார், ஆக்னஸ் ஹ்ரானிட்ஸ்கியோடு சேர்ந்து 2011இல் எடுத்த ‘டூரின் குதிரை’. இதுதான் தன் கடைசிப் படம் என்று டார் அறிவித்துவிட்டு எடுத்தது. 1889 ஜனவரியில் டூரின் நகரத் தெருவில் ஒரு வண்டிக்காரன் குதிரையைச் சாட்டையால் அடிப்பதைப் பார்த்துத் தத்துவவாதி நீட்ஷே ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார், அதோடு மனம் பேதலித்துப் போனார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் குதிரை என்ன ஆனது? அங்கிருந்து படம் தொடங்குகிறது. பாழ்வெளியில் ஒரு கல்வீடு. ஓர் அப்பா, அவருக்கு வலது கை விளங்காது. ஒரு மகள். ஒரு குதிரை. வெளியே ஓயாத காற்று. ஆறு நாள்.

தினமும் சாப்பாடு ஆளுக்கு ஒரு வேகவைத்த உருளைக்கிழங்கு. முதல் நாள் கேமரா அப்பாவைப் பார்க்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு, ஆறப் பொறுக்காமல், ஒற்றைக் கையால் தோலைப் பிய்த்து, ஊதி ஊதி, உப்பைத் தொட்டு வாயில் அடைக்கிறார். பாதியை விட்டுவிட்டு எழுந்து போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறார். அடுத்த நாள் அதே மேசை, அதே கிழங்கு, கேமரா மகள் பக்கம். அவள் சின்னச் சின்னதாகக் கிள்ளி நிதானமாகத் தின்கிறாள். இன்னொரு நாள் இருவரையும் பக்கவாட்டில் இருந்து பார்க்கிறோம். ஒரே கிழங்கு, மூன்று சாப்பாடு.

டேவிட் போர்ட்வெல் என்ற சினிமா ஆய்வாளர் ஷாட்டுகளை எண்ணிப் பார்ப்பதில் கில்லாடி. 1990களின் இறுதியில் அமெரிக்கப் படங்களில் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் பெரும்பாலும் 3 முதல் 6 விநாடிக்குள் வந்துவிட்டது என்று கணக்குச் சொன்னார். டூரின் குதிரை சுமார் இரண்டரை மணி நேரம். அதில் மொத்தமே ஏறக்குறைய 30 ஷாட்தான். வகுத்தால் ஷாட்டுக்கு ஐந்து நிமிடம் வருகிறது. ஃபிலிமில் எடுத்த காலத்தில் ஆயிரம் அடி ரோல் ஏறத்தாழ 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதற்குமேல் ஒரு ஷாட் போக முடியாது. டார் அந்தச் சுவரை மோதிப் பார்த்துக்கொண்டே இருந்தவர். 1994இல் வந்த அவருடைய ‘சாட்டான்டாங்கோ’ ஏழு மணி நேரத்துக்கு மேல். அதன் முதல் ஷாட்டில் மாடுகள் தொழுவத்திலிருந்து வெளியே வந்து சேற்றுமுற்றத்தைக் கடந்து போகும், ஏழெட்டு நிமிடம்.

டூரின் குதிரையை முதல் தடவை இரண்டாம் நாளிலேயே நிறுத்திவிட்டேன். உண்மையில் கோபம் வந்தது. ‘இதை எடுத்தவன் என்னை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான்’ என்கிற கோபம். மறுபடி போட்டது 2020 ஊரடங்கில். எழுந்து, பல் துலக்கி, அதே ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அதே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். அந்த அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்க்கும் முதுகு இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. அதில் புரிய எதுவும் இல்லை என்பதும் புரிந்தது. கடைசி நாளில் அடுப்பு பற்றவில்லை. தட்டில் இருப்பது வேகாத கிழங்கு. அப்பா அதைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. முந்தைய ஐந்து நாளும் அந்தக் கிழங்கின் ஆவியைப் பார்த்துப் பார்த்து நம் நாக்கிலேயே சூடு ஏறியிருந்ததால், இந்தப் பச்சைக் கிழங்கு பல்லில் கூசுகிறது.

பிலிப்பைன்ஸ் இயக்குநர் லாவ் டியாஸ் பற்றி நீளமாக எழுத எனக்குத் தகுதி இல்லை. டிஜிட்டல் வந்ததும் ரோல் தீரும் கவலை போய்விட்டது, அவர் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று எடுக்கிறார். நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ‘நோர்ட்டே’ (2013) எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. எட்டு மணி நேரப் படம் ஒன்றை மூன்று தவணையாகப் பார்த்தேன். அது பார்த்த கணக்கில் வருமா என்று எனக்கே சந்தேகம்.

இப்போது என் செல்லப் படத்துக்கு வருகிறேன். சாய் மிங்-லியாங் மலேசியாவின் சரவாக்கில் பிறந்து தைவானில் படம் எடுப்பவர். 2003இல் வந்த அவருடைய ‘குட்பை டிராகன் இன்’ 82 நிமிடம்தான். தைபே நகரத்தின் ஒரு பழைய பெரிய தியேட்டரில் கடைசிக் காட்சி ஓடுகிறது. வெளியே மழை. உள்ளே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். திரையில் 1967இல் சக்கைப்போடு போட்ட ஒரு வாள்சண்டைப் படம். டிக்கெட் கொடுக்கும் பெண்ணுக்கு ஒரு கால் ஊனம். அவள் ஆவியில் வேகவைத்த இளஞ்சிவப்பு பன்னில் பாதியை ஆபரேட்டருக்கு என்று எடுத்துக்கொண்டு படியேறுகிறாள். ஒவ்வொரு படிக்கும் காலடிச் சத்தம், டொக், டொக். ஆபரேட்டர் ரூமில் ஆள் இல்லை. படத்தில் பாத்திரங்கள் பேசும் முதல் வசனம் வரவே முக்கால் மணி நேரம் ஆகும்.

காட்சி முடிகிறது. விளக்கு போடுகிறார்கள். நூற்றுக்கணக்கான காலி நாற்காலிகள் நம்மைப் பார்த்தபடி. அந்தப் பெண் துடைப்பத்தோடு வந்து ஒரு பக்கம் படியேறி, மேலே குறுக்காக நடந்து, மறுபக்கம் இறங்கி வெளியே போகிறாள். டொக் டொக் தேய்ந்து அடங்குகிறது. கட் வரும் என்று நினைப்போம். வராது. நிமிடக் கணக்கில் காலி நாற்காலிகள்.

எங்கள் ஊர் தியேட்டர் மூடி வருடங்கள் ஆகின்றன. கொஞ்ச நாள் கல்யாண மண்டபமாக இருந்தது, இப்போது உரமூட்டை குடோன். கடைசியாக அதில் படம் பார்த்தபோது எங்களையும் சேர்த்துப் பதினோரு பேர். மின்விசிறி ஒன்று ‘க்ரீச் க்ரீச்’ என்று படம் முழுக்க வசனம் பேசிக்கொண்டிருந்தது. தைபே தியேட்டரின் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல், என் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். இடது பக்கம், தூணுக்கு அடுத்தது. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் திரையில் கால்வாசி தெரியாது, ஆனால் அப்பா எப்போதும் அங்கேதான் உட்காருவார், ஃபேன் காற்று வரும் என்று. தைபேவில் தூண் இல்லை. இருந்தாலும் தேடினேன். ஷாட் முப்பது விநாடியில் முடிந்திருந்தால் ‘பழைய தியேட்டர், பாவம்’ என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். அந்த மிச்ச நேரத்தில் அப்பா வந்து உட்கார்ந்துகொள்வார் என்று இயக்குநருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. இடத்தை மட்டும் விட்டுவைத்தார்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் முதலில் பயப்படுவது அதற்குத்தான். தூங்கினால் குற்றமில்லை. சாட்சி வேண்டுமென்றால் ஈரான் இயக்குநர் அப்பாஸ் கியாரொஸ்தமியே இருக்கிறார். சீட்டில் கட்டிப்போட்டுவிட்டு வெளியே வந்ததும் மறந்துபோகும் படங்களைவிட, தியேட்டரில் ஒரு குட்டித்தூக்கம் போடவிட்டு ராத்திரி தூங்கவிடாமல் அடிக்கிற படங்களே தனக்குப் பிடிக்கும் என்ற பொருளில் அவர் சொல்லியிருக்கிறார். தாய்லாந்தின் அபிசாட்போங் வீரசேதகுல் இன்னும் ஒரு படி மேலே போய், 2018 ராட்டர்டாம் திரைப்பட விழாவில் கட்டில் மெத்தை போட்டு ஒரு தற்காலிக ஓட்டலே நடத்தினார். படுத்துக்கொண்டு, திரையில் ஓடும் காட்சிகளைப் பார்த்தபடி தூங்கலாம். அவருடைய ‘அங்கிள் பூன்மி’ 2010இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய படம். நான் அதை ஒரு விழாவில் மதிய உணவு முடிந்த கையோடு பார்த்தேன், கண் சொக்கிவிட்டது. விழித்தபோது இருட்டான மாடிப்படியில் இரண்டு சிவப்புக் கண்கள் ஏறி வந்துகொண்டிருந்தன. சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் அலறவில்லை, ‘யாரது?’ என்ற மாதிரி விசாரித்து உட்காரவைத்தார்கள். செத்துப்போன மனைவி ஏற்கெனவே அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாள். நான் கனவு காண்கிறேனா, படமே இப்படித்தானா என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்கலாம் என்று திரும்பினால், அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

எல்லா மெதுவான படமும் நல்ல படம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2010இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ ஆசிரியர் நிக் ஜேம்ஸே இந்தப் படங்கள்மேல் தனக்கு வரும் சலிப்பை எழுதி ஒரு பெரிய சண்டையைக் கிளப்பினார். அடுத்த வருடம் டேன் கோய்ஸ் என்பவர் நியூயார்க் டைம்ஸ் வார இதழில், உடம்புக்கு நல்லது என்று காய்கறியைத் தின்பது மாதிரிதான் இந்தப் படங்களைத் தான் பார்த்து வந்ததாக ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. விழாக்களுக்கென்றே ஓர் அச்சு உருவாகிவிட்டது என்பதும் உண்மை: பின்மண்டையைக் காட்டி நடக்கும் ஓர் ஆள், பனிமூட்டம், எங்கேயோ குரைக்கும் நாய், கேட்ட கேள்விக்கு ஒன்றரை நிமிடம் கழித்துப் பதில். இந்தச் சாமான்களை வாங்கி வந்தால் யாரும் சமைக்கலாம். நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை சாதாரணமானது. இந்த மிச்ச நேரத்தை வெட்டிவிட்டால் பின்னால் ஏதாவது சரிகிறதா? ழானின் முதல் நாளை வெட்டினால் இரண்டாம் நாளின் கிழங்கு வெறும் கிழங்கு. பனிமூட்ட ஆளின் நடையை வெட்டினால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

நம் ஊரில் இந்தச் சோதனையில் தேறிய படம் ‘கூழாங்கல்’. பி.எஸ்.வினோத்ராஜின் முதல் படம், 2021இல் ராட்டர்டாமில் புலி விருது வாங்கியது. குடிகார அப்பா பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போன மனைவியைக் கூட்டிவரப் போகிறார். பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். மதுரைப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் இருவரும் நடந்தே திரும்புகிறார்கள். முன்னால் அப்பா, பின்னால் பையன். கையில் கிடைத்த கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து அப்பாவின் முதுகில் அடிக்கிறான் பையன். திட்ட முடியாத, திருப்பி அடிக்க முடியாத ஒரு சிறுவனிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அது. நடை நீளமாக இருந்தால்தான் அந்த வெளிச்சப்பொட்டு முதுகில் சுடும். கடைசியில் பெண்கள் ஓர் ஊற்றுக்குழியைச் சுற்றிக் காத்திருந்து, ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். கேமரா அவசரப்படவே இல்லை. மேலே சொன்ன தெருக்குழாய் உதாரணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

இத்தனைக்கும் படம் 75 நிமிடம்தான். நம் படங்களில் இடைவேளை விடுகிற நேரம். வினோத்ராஜின் அடுத்த படமான ‘கொட்டுக்காளி’ 2024இல் சூரி நடித்து, பின்னணி இசையே இல்லாமல், பெரிய அளவில் தியேட்டருக்கு வந்தது. என்னோடு பார்த்தவர்களில் சிலர் முடிவு வந்ததும் ‘அவ்ளோதானா?’ என்று சத்தமாகவே கேட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சூரி படம் என்று வந்தவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லையே.

தொடங்க நினைக்கிறவர்கள் ‘கூழாங்கல்’லில் தொடங்கலாம், அடுத்து ‘குட்பை டிராகன் இன்’. சாட்டான்டாங்கோவை எடுத்த எடுப்பில் தொடாதீர்கள். வீம்புக்குப் பார்க்கிற படமாகிவிடும். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள், பக்கத்தில் கவிழ்த்துவைத்தால் போதாது. வேகத்தை 1.5க்கு ஏற்றிப் பார்க்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ழான் தீல்மானை அப்படிப் பார்த்துவிட்டு ‘ஒண்ணுமே நடக்கலையே’ என்றார். கிழங்கு வேகும் நேரத்தையே குறைத்துவிட்டால் அது எப்படிக் குழையும்? முதல் அரை மணி நேரம் எரிச்சலாக இருந்தால் நீங்கள் ஏதோ தப்பாகப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தமில்லை, எனக்கும் இன்றுவரை அப்படித்தான். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகும் வெறும் எரிச்சல்தான் என்றால் அணைத்துவிடுங்கள். படம் எங்கேயும் போய்விடாது. எனக்கு டூரின் குதிரைக்குப் பல வருடம் ஆயிற்று.

அன்று அம்மா இரண்டாம் நாள் ராத்திரியோடு எழுந்து படுக்கப் போய்விட்டார். மறுநாள் காலை காபி கொடுக்கும்போது கேட்டார்.

“அந்தப் பொம்பள மூணாவது நாள் என்ன சமைச்சா?”

“கொத்துக்கறி. பெசஞ்சுகிட்டே இருந்தா.”

“எவ்ளோ நேரம்?”

“ரொம்ப நேரம்மா.”

அம்மா டபராவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “அவ்ளோ நேரமெல்லாம் பெசையக் கூடாதே,” என்றார். “அப்பறம்?”

“மீதிய நீயே பாரும்மா. இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு.”

“சீரியல் முடிஞ்சதும் போடு.”